யாரிடம், எதற்கு

சாய்ந்தமருது
2024 ஓகஸ்ட் 4

தம்பி பதியுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, சொல்லிவிட்டேன். சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. விசாரித்ததாக நீயே நினைத்துக்கொள்.

நாலு வருஷத்துக்குக் கிட்ட உன்னோடு ஒரு சொல் கதைக்காதவள் இப்போது எழுதுவது ஒரு காரியத்துக்காகத்தான். கொரோனாவில் மௌத்தான நம்முடைய ஆட்களை அடக்க விடாமல் எரித்தார்களே, அதற்கு மன்னிப்புக் கேட்க அமைச்சரவை தீர்மானித்திருக்கிறது என்று றேடியோவில் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மக்கீனுடைய பெண்சாதி றுஸ்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ராத்தா, கேட்டீங்களா, மன்னிப்புக் கேட்டுட்டாங்களாம்" என்றாள். "கேக்கத் தீர்மானிச்சிரிக்காங்கடி" என்றேன். "உனக்குச் சோறு தர நான் தீர்மானிச்சா உன்ட வயிறு நிரம்புமா?" அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அரசாங்கம் தமிழில் சொல்வதை நான் நம்புவதில்லை. அவர்கள் முதலில் இங்கிலீசில் எழுதி மறுகாதான் நமக்குத் தருகிறார்கள். இங்கிலீசில் அதற்கு என்ன சொல்? அதை எப்படிப் பாவிப்பது? அதைச் சொன்னால் சொன்னவனுக்கு என்ன கடமை வரும்? உன்னிடம் கேட்பதற்குக் காரணம் இரண்டு. நீ முப்பது வருஷம் இங்கிலீசு படிப்பித்தவன். அடுத்தது, என் மகள் ஜெனூபா நெஞ்சு ஒப்பரேசனுக்கு என்று கொழும்புக்கு வந்து, உன் வீட்டில் தங்கி, கொரோனாவும் பிடித்து ஆஸ்பத்திரியில் மௌத்தானபோது அவர்கள் நீட்டிய இங்கிலீசுக் கடதாசியை வாசித்துக் கையெழுத்து வைத்தவனும் நீதான்.

போன் எடுக்காதே. எடுத்தாலும் நான் தூக்க மாட்டேன். எழுது. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், விளங்குகிற மாதிரி எழுது.

ஸலாம்.
ராத்தா சல்மா உம்மா


தெமட்டகொட
2024 ஓகஸ்ட் 19

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கையெழுத்தைக் கண்டதும் உறையைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன். எனக்குச் சீனி வருத்தம் கூடியிருக்கிறது, மற்றப்படி அல்லாஹ் நல்லபடி வைத்திருக்கிறான். உங்கள் முழங்கால் எப்படி? ஜெனூபாவின் மகள் அம்ஹா உயர்தரம் எழுதிவிட்டாளாமே. அவளுக்கு என் ஸலாம்.

நீங்கள் கேட்ட சொல் அப்பொலஜைஸ். அது ஒரு வினைச்சொல். இந்த வினைக்குப் பக்கத்தில் இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, யாரிடம். மற்றது, எதற்கு. பிந்தி வந்த பிள்ளை ஆசிரியரிடம், பிந்தியதற்கு, அப்பொலஜைஸ் பண்ணுகிறான். இரண்டையும் நிரப்பினால்தான் வசனத்துக்கு உயிர். ஆனால் இரண்டையும் வெறுமையாக விட்டாலும் இங்கிலீசில் அது பிழையான வசனமல்ல. நான் படிப்பித்த காலத்தில் அதற்குப் பிழை போட ஏலாமல் இருந்திருக்கிறேன்.

இன்னொன்று. இது சொல்வதே செய்வதாகிற வினை. "நான் நடக்கிறேன்" என்று கதிரையில் இருந்துகொண்டு சொன்னால் நடந்ததாகாது. இதை வாயால் சொன்னால் செய்ததாகிவிடும். ஆகவே தீர்மானிப்பது வேறு, செய்வது வேறு என்று நீங்கள் றுஸ்தாவிடம் சொன்னது சரிதான்.

அடுத்த வருஷம் ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கிடைக்கத் துஆச் செய்யுங்கள்.

உங்கள் தம்பி
பதியுதீன்


சாய்ந்தமருது
2024 செப்டெம்பர் 8

தம்பி பதியுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. உனக்குச் சீனி கூடினால் தேத்தண்ணிக்குச் சீனி போடாதே. சின்னதிலேயே களவாகச் சீனி தின்கிற ஆள் நீ. உம்மா என்னை அடித்தாள். அது எனக்கு மறக்கவில்லை. உன் கலியாணத்தில் உன் மாமியார் எல்லோருக்கும் வெற்றிலைத் தட்டை நீட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போனதும் மறக்கவில்லை. எனக்கு மறக்கிற வருத்தம் இல்லை.

நீ எழுதினது விளங்கியது. இந்த இரண்டு இடமும் நாம் பொருத்தம் கேட்பதிலும் இருக்கிறது. போன மாரியில் மக்கீன் உழவு மெசினைத் திருப்பும்போது என் மதிலை இடித்துவிட்டான். ஒருவரும் காணவில்லை. அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து படலைக்கு வெளியே நின்றுகொண்டு, "ராத்தா, உங்கட மதில இடிச்சது நான்தான். பொருந்திக்கோங்க" என்றான். நான் நல்லாய் ஏசினேன். ஏசி முடிந்ததும், "சரி, பொருந்திக்கிட்டன், உள்ளுக்கு வா" என்றேன். யாரிடம், எதற்கு, இரண்டையும் அவன் வாசலுக்குக் கொண்டுவந்தான். அரசாங்கம் எந்த வாசலுக்கு வந்தது? ஜெனூபா என்ற பெயரை எவன் சொன்னான்?

அரசாங்கம் கிடக்கட்டும். இப்போது நான் கேட்கிறதற்குப் பதில் எழுது. அன்றைக்கு ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தது, என்னால் கல்முனைச் சந்தைக்குக்கூடப் போக ஏலாது. நீ ஆஸ்பத்திரி வாசலில் நின்று போன் எடுத்தாய். "சைன் வைக்கச் சொல்றாங்க ராத்தா" என்றாய். எரிக்கிறதென்றால் வைக்காதே என்றேன். "சீச்சீ, அது சும்மா ஒரு கடதாசி. அடக்கப் போறாங்க போலதான் இரிக்கி. நீங்க யாஸீன் ஓதுங்க" என்றாய். நானும் அம்ஹாவும் உளூச் செய்து பாயை விரித்து, மண்ணுக்குள் போகிற பிள்ளைக்கு என்று யாஸீன் ஓதினோம். மறுநாள் மக்கீன் வந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதபோதுதான் எனக்குத் தெரியும், நாங்கள் ஓதின நேரத்தில் பிள்ளை நெருப்பில் இருந்தாள் என்று.

அந்தக் கடதாசியில் என்ன இருந்தது? உனக்கு அது தெரியுமா, தெரியாதா?

ஸலாம்.
சல்மா உம்மா


தெமட்டகொட
2024 நவம்பர் 17

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பதில் சுணங்கிவிட்டது. கண்ணில் வெள்ளை படர்ந்து டொக்டரிடம் போய் வந்துகொண்டிருந்தேன். இப்போது பரவாயில்லை. உங்கள் பக்கம் மழையென்று செய்தியில் சொல்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா?

அந்த வினைச்சொல்லைப் பற்றிச் சொல்ல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நம்முடைய அரசாங்கமும் கம்பனிகளும் அதிகமாய்ப் பாவிப்பது வேறொரு சொல், றிகிறெட். அது வருந்துவது. அதற்குக் கேட்கிற ஆள் தேவையில்லை. மழை பெய்ததற்கும் வருந்தலாம், தன்னுடைய பிழைக்கும் வருந்தலாம், இரண்டுக்கும் ஒரே முகம். அப்பொலஜைஸ் அப்படியல்ல.

ஆனால் ஒரு புதினம். பழைய இங்கிலீசில் அப்பொலஜைஸ் என்றால் மன்னிப்புக் கேட்பதல்ல. தன் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்லி வழக்காடுவது. சொல் பல நூறு வருஷம் நடந்து வந்து இப்போதைய இடத்தில் நிற்கிறது. இதையெல்லாம் வகுப்பில் சொல்ல நேரம் கிடைத்ததே இல்லை.

மகளும் பேரனும் சுகம். பேரன் பாலர் பள்ளிக்குப் போகிறான். உங்களுக்கு ஸலாம் சொன்னார்கள்.

உங்கள் தம்பி
பதியுதீன்


சாய்ந்தமருது
2024 டிசம்பர் 1

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, போனது. கண்ணுக்கு மருந்து ஒழுங்காய் விடு.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதினது ஒன்று. வழக்காடுகிறதென்றால் வழக்காடு. அதையாவது செய். நாலு வருஷமாய் நீ அதையும் செய்யவில்லை.

சல்மா உம்மா


தெமட்டகொட
2025 ஜனவரி 12

ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்து நாளாகிவிட்டது. எனக்குக் கோபம் வந்ததும் உண்மை. வந்த கோபத்தோடேயே எழுதுகிறேன்.

கையெழுத்து வைக்க மாட்டோம், மையித்தைப் பொறுப்பெடுக்க மாட்டோம் என்று நின்ற குடும்பங்கள் உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய ஆட்களையும் எரித்தார்கள். நான் பேனையைத் தூக்காமல் விட்டிருந்தாலும் ஜெனூபாவை ஊருக்குக் கொண்டுவர விட்டிருக்க மாட்டார்கள். வீட்டில் என் மகள் நிறைமாதமாக இருந்தாள். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டாரை, பிள்ளை குட்டிகளோடு, நடுச் சாமத்தில் பஸ்ஸில் ஏற்றித் தனிமைப்படுத்தல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் கடதாசியை நீட்டியவர் என்னைப் பார்த்துச் சத்தம் போடவில்லை. "சேர், உங்கட வீட்டில எத்தன பேர்?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நான் கெட்டவனல்ல ராத்தா. நான் தனியாக நின்றேன்.

ஹஜ்ஜுக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

பதியுதீன்


சாய்ந்தமருது
2025 ஜனவரி 26

தம்பி பதியுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோபத்தோடு எழுதினது நல்லது. இப்போதுதான் நீ எழுதினது போல் இருந்தது. அதற்கு முந்தினதெல்லாம் மாஸ்டர் எழுதினது.

ஓம், கையெழுத்து வைக்காவிட்டாலும் எரித்திருப்பார்கள். அது எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? எரித்ததற்கு நான் உன்னோடு கோபமில்லை. எரித்தவர்களை அல்லாஹ்விடம் விட்டிருக்கிறேன், அந்தக் கணக்கில் உன் பெயர் இல்லை. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டு போனால் களவு. நீ கையெழுத்து வைத்ததால் அது நாம் கொடுத்ததாகிப் போனது. நம்முடைய வீட்டுக் கை அதில் பட்டுவிட்டது.

அதையும் நான் சகித்திருப்பேன். உன் மகள் நிறைமாதம், அதுவும் எனக்கு விளங்கும், நானும் பெற்றவள். போனில் நீ சொன்னதைத்தான் என்னால் சகிக்க ஏலாது. எரிக்கப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தால் நான் அந்த நேரத்தில் கத்தியிருப்பேன். றோட்டுக்கு ஓடியிருப்பேன், ஆமிக்காரன் என்னைத் திருப்பி அனுப்பியிருப்பான். ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் என் பிள்ளை எரிகிற நேரத்தில் அவளுடைய உம்மா நிம்மதியாய் இருந்தாள் என்று ஆகியிருக்காது. அந்த நிம்மதியைத் தந்தது நீ. அதற்குத்தான் நீ பதில் சொல்ல வேண்டும்.

ஹஜ் கிடைத்தது சந்தோஷம். போகிறவர்கள் போக முந்தி என்ன செய்ய வேண்டும் என்று நான் உனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

ஸலாம்.
ராத்தா


சாய்ந்தமருது
2025 ஏப்ரல் 6

பதியுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி போனது. நீயும் நோன்பை முழுக்கப் பிடித்திருப்பாய்.

பெருநாளன்றைக்கு அம்ஹா தன்னுடைய போனைக் கொண்டுவந்தாள். "மூத்தம்மா, பதியுதீன் மூத்தப்பா குடும்பக் குறூப்பில ஒண்டு போட்டிரிக்கார், வாசிக்கட்டா?" என்றாள். வாசி என்றேன். நீ போட்டதை அப்படியே திருப்பி எழுதுகிறேன், நான் ஒன்றும் கூட்டவில்லை. "இன்ஷா அல்லாஹ் இவ்வருடம் புனித ஹஜ் கடமையை நிறைவேற்றச் செல்லவிருப்பதால், தெரிந்தோ தெரியாமலோ எனது சொல்லாலோ செயலாலோ யாருக்கேனும் ஏதும் மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துக்கொள்ளுமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்." அதற்குக் கீழே ரோசாப்பூப் படம்.

எல்லோரும் "மன்னித்தோம், துஆச் செய்யுங்கள்" என்று போட்டார்களாம். கட்டாரிலிருந்து ஒருத்தன், உன்னைக் கண்ணாலும் காணாதவன், அவனும் மன்னித்திருக்கிறான். அம்ஹா என் முகத்தைப் பார்த்தாள். "நாம என்ன போடுற மூத்தம்மா?" என்றாள். "ரோசாப்பூ இரிக்கிதானே. அது போதும்" என்றேன். பிள்ளை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். எரிந்தது அவளுடைய உம்மா. அது உனக்கு நினைவிருக்க வேண்டும்.

யாருக்கேனும். ஏதும். ஏற்பட்டிருந்தால். இரண்டு இடம் என்று எனக்குப் படிப்பித்தவன் நீதானே? ஒன்றில் ஊரை வைத்தாய், மற்றதில் ஒன்றுமே வைக்கவில்லை. அரசாங்கத்துக்கு என்னைத் தெரியாது. உனக்குமா?

சல்மா உம்மா


சாய்ந்தமருது
2025 மே 4

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னிடமிருந்து பதில் வரவில்லை. நீயே வந்தாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை உன் மருமகன் நளீருடைய வேனில் வந்து நம்முடைய ஒழுங்கையில் வீடு வீடாய்ப் பொருத்தம் கேட்டாய். மக்கீன் வீட்டில் நீ இருந்தபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு சொல் விடாமல் கேட்டது.

"வாங்க ஹாஜியார்" என்று மக்கீன் சொன்னான். "இன்னும் போகல்ல, அதுக்குள்ள ஹாஜியாரா" என்று நீ சிரித்தாய். பிறகு, "மக்கீன், நீ என்னப் பொருந்திக்கோ" என்றாய்.

"என்னத்தச் சேர் பொருந்துற? இங்கிலீசுப் பாடத்துக்கு நீங்க அடிச்ச அடியையா?"

"அதையும்தான்."

"அது ஏலா. இந்தா, தழும்பு இன்னும் இரிக்கி" என்றான். எல்லோரும் சிரித்தீர்கள். றுஸ்தா சிரித்ததும் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு மக்கீன் கேட்டான், "ராத்தாட்டப் போனீங்களா சேர்?"

நீ கோப்பையைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. "அவ படுத்திரிப்பா. மறுகா வாறன்" என்றாய்.

பகல் பதினொரு மணிக்கு நான் என்றைக்குப் படுத்திருக்கிறேன்? வேன் என் படலைக்கு முன்னால் மெதுவாய்ப் போனது. நிற்கவில்லை. நீ வருவாய் என்று விடியக்காலையிலேயே படலையைத் திறந்து, முன் கதிரைக்குத் துவைத்த துணி போட்டு வைத்திருந்தேன். நீ வந்தால் ஏசுவதற்கும் வைத்திருந்தேன், ஏசி முடிந்தபின் தருவதற்குச் சோறும் வைத்திருந்தேன். அம்ஹா லுஹர் தொழுதுவிட்டு வந்து படலையைச் சாத்தினாள்.

இனி நான் எழுத மாட்டேன்.

சல்மா உம்மா


தெமட்டகொட
2025 மே 9

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். பதினாறாம் திகதி பயணம். சுகத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

படலை திறந்திருந்ததைக் கண்டேன். நளீரிடம் வேனை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அங்கே சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

என் ராத்தா சல்மா உம்மாவிடம் நான் கேட்கிறேன். அந்தக் கடதாசியை நான் முழுக்க வாசித்தேன். எரிப்பது என்ற சொல் முதல் வசனத்திலேயே இருந்தது. விளங்காமல் அல்ல, விளங்கித்தான் கையெழுத்து வைத்தேன். உங்களுக்குப் போன் எடுத்தது வைத்ததற்குப் பிறகு. வைக்கச் சொல்கிறார்கள் என்று சொன்னபோதே அது முடிந்துபோயிருந்தது. எரிக்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே, அடக்கப் போகிறார்கள் என்று பொய் சொன்னேன். என் வீட்டாருக்காகப் பயந்தது பாதி. மிச்சப் பாதி, உங்களுடைய குரலுக்குப் பயந்தது. நீங்கள் கத்துவதை அந்த வாசலில் நின்று கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. வாகனம் போகும்போது நான் பின்னால் போகவுமில்லை. வீட்டுக்கு வந்து குளித்தேன்.

நீங்கள் அறியாத ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தின நாள் ஜெனூபா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, எனக்கு ஏதும் ஆனா இஞ்ச விட்டுராதீங்க, ஊருக்குக் கொண்டு போயிருங்க" என்றாள். "ஓம் மகள்" என்றேன்.

இவைகளுக்காக, இந்தப் பொய்க்காக, இந்தக் கையெழுத்துக்காக, என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள். பொருந்தாவிட்டாலும் அது உங்கள் உரிமை. நான் அதைத் தலையில் வைத்துக்கொண்டு போகிறேன்.

உங்கள் தம்பி
பதியுதீன்


சாய்ந்தமருது
2025 மே 13

என் தம்பி பதியுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹி வபறக்காத்துஹு. தபாலை நம்பாமல் மக்கீனிடம் கொடுத்து விடுகிறேன், அவன் இன்று கொழும்பு பஸ்ஸுக்கு ஏறுகிறான். உன் சீனி எப்படி இருக்கிறது? அங்கே வெயில் கடுமை, மருந்துப் பெட்டியைக் கையில் வைத்துக்கொள், சாமான் பைக்குள் போடாதே. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடு.

உன் கடிதத்தை நான் வாசித்தேன். பிறகு அம்ஹாவைக் கூப்பிட்டு அவளையும் வாசிக்க வைத்தேன், அவளுக்கு உரிமை இருக்கிறது. வாசித்து முடித்து, "பொய் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும் மூத்தம்மா, நீங்க ஓதுறத நிப்பாட்ட மனம் வரல்ல" என்றாள். அன்றைக்கு அவளுக்கு வயது பதினைந்து. என்னைச் சுற்றி எல்லோரும் எனக்குப் பயந்தே இருந்திருக்கிறீர்கள்.

கேள். என்னிடம் நீ சொன்ன பொய்யை அல்லாஹ்வுக்காக நான் பொருந்திக்கொண்டேன். நம்முடைய வீட்டின் பெயரில் நீ வைத்த கையெழுத்தையும் பொருந்திக்கொண்டேன். மக்கீனையும் றுஸ்தாவையும் முன்னால் நிற்க வைத்து வாயால் சொன்னேன், அவர்கள் சாட்சி. அம்ஹா தன்னுடைய பங்கைத் தானே சொல்வாளாம். அவளை நான் நெருக்கவில்லை, நீயும் நெருக்காதே. நீ லேசாய்ப் போ. தவாபிலும் அறபாவிலும் என்னுடைய பாரம் உன் தோளில் இருக்காது.

ஆனால் ஜெனூபாவிடம் "ஓம் மகள்" என்றாயே, அது என் கையில் இல்லை தம்பி. அது அவளுடையது. அவள் உயிரோடிருந்தால் படலைக்குப் போகச் சொல்வேன். மௌத்தானவர்களிடம் கேட்கிறதென்றால் கபுறடிக்குப் போய் தலைமாட்டில் நின்று, இன்னாருடைய மகளே, நான் இன்னார் வந்திருக்கிறேன் என்று ஸலாம் சொல்லிக் கேட்க வேண்டும். மக்கீன் அவனுடைய வாப்பாவிடம் அப்படித்தான் கேட்டான். உன்னை எங்கே போகச் சொல்வேன்? நேற்றும் ஓட்டோவில் மையவாடி றோட்டால் வந்தேன். எல்லோரும் தங்களுடைய ஆட்கள் கிடக்கிற பக்கம் பார்த்து ஸலாம் சொன்னார்கள். ஜெனூபாவுக்குச் சொல்ல எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், நான் நேரே றோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா
சல்மா உம்மா